சட்டையில் எழுதிய குலக்கதை

விளையாட்டு வீரர் அணியும் சட்டைக்கு முற்காலத்தில் இரண்டே பணிகள் இருந்தன. ஓர் அணியை மற்றோர் அணியினின்றும் நிறத்தால் பிரித்துக் காட்டுவது ஒன்று. முதுகில் எண்ணைத் தாங்கி நடுவருக்கு ஆளை அடையாளங் காட்டுவது மற்றொன்று. நீலச் சட்டை ஓர் அணி, சிவப்புச் சட்டை ஓர் அணி என்ற அளவில் செய்தி முடிந்துவிடும். இன்றோ அச்சட்டைக்கு மூன்றாவது பணி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அது கதை சொல்லும் பணி. கூடைப்பந்தாட்டக்காரர் அணியும் கையில்லாப் பனியனில் ஓர் ஆற்றின் வரலாறும், ஒரு குலத்தின் பயணமும், ஒரு மூதாதையின் காலடியும் வண்ணங்களாக விரிந்து கிடப்பதை இன்று ஆஸ்திரேலிய நாட்டில் காணலாம். அங்கே கூடைப்பந்து லீக் தன் ஆட்டப் பருவத்தில் ஒரு சுற்றினை ஆதிக்குடிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அச்சுற்றில் அணிகள், ஆதிக்குடிக் கலைஞர் வரைந்த ஓவியங்கள் பதித்த உடையோடு களம் இறங்குகின்றன.

எங்கோ தென்கடலுக்கு அப்பால் நடைபெறும் இச்செய்தி, தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு எவ்வகையில் உரியது என்று நேயர்கள் வினவலாம். உரியதுதான். பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியிலும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், தேவிகுளம், கட்டப்பனைப் பகுதிகளிலும், தமிழோடு நெருங்கிய உறவுடைய மொழிகளைப் பேசும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய கோலங்களும் பாய் முடைதலும் பாட்டும் கூத்தும் இன்று வெளியுலகின் பார்வைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவை சட்டையிலும் பையிலும் விளம்பரத்திலும் ஏறும் நாளில், அக்கதை யாருடையது, அதைச் சொல்ல யாரிடம் கேட்க வேண்டும், அதனால் வரும் ஊதியம் யாருக்குச் சேர வேண்டும் என்ற வினாக்கள் எழுந்தே தீரும். ஆஸ்திரேலியா அவ்வினாக்களுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவ்வனுபவத்தை அறிந்துகொள்வது நமக்குப் பெரும் பயன் தரும்.

முதலில், அவ்வோவியங்கள் எவ்வாறு கதை சொல்லுகின்றன என்பதைப் பார்ப்போம். நடு ஆஸ்திரேலியாவின் பாலை நிலத்து ஓவியங்களில் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த வட்டங்கள், மக்கள் கூடும் இடத்தையோ நீர்ச்சுனையையோ குறிக்கும். பிறை போல வளைந்த கோடு, மணலில் அமர்ந்த மனிதர் விட்டுச் சென்ற பதிவு. ஆகவே வட்டத்தைச் சுற்றி நான்கு பிறைகள் இருந்தால், சுனையருகே நால்வர் கூடி அமர்ந்திருக்கின்றனர் என்று பொருள். நெளிகோடு நீரைக் குறிக்கலாம். பறவையின் காலடி, கங்காருவின் வாற்சுவடு ஆகியவை அவ்வவ் விலங்கின் வழியைக் காட்டும். மேலிருந்து நிலத்தைப் பார்ப்பதுபோல் அமைந்த வரைபடம் அது எனலாம். ஒரே குறிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. எப்பொருள் எங்கே பொருந்தும் என்பதைக் கதைக்கு உரியவரே அறிவர்.

இவ்வோவியங்கள் தொன்றுதொட்டு மணலிலும் பாறையிலும் உடலிலும் வரையப்பட்டு வந்தவை. 1971-ஆம் ஆண்டில் பப்புன்யா என்னும் குடியிருப்பில், பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் அளித்த ஊக்கத்தால், முதியோர் சிலர் அவற்றைப் பலகையிலும் துணியிலும் நிலையான வண்ணங்களால் வரையத் தொடங்கினர். விற்பனைக்கு வந்தபின் ஒரு சங்கடம் நேர்ந்தது. சடங்கில் தீட்சை பெற்றவர் மட்டுமே காணத்தக்க குறிகள், கடைத்தெருவில் எல்லார் கண்ணிலும் படலாயின. குலத்தாருள் இதனால் மனத்தாங்கல் உண்டாயிற்று. ஓவியர் அக்குறிகளை விலக்கினர். சிலவற்றைப் புள்ளித் திரளால் மறைத்தனர். உலகெங்கும் புகழ்பெற்ற அப்புள்ளிகளுக்கு அழகு மட்டுமே காரணமன்று. மறைக்க வேண்டியதை மறைக்கும் கடமையும் அவற்றினுள் இருக்கிறது. சட்டையில் வெறும் புள்ளிக் கோலமாக நமக்குத் தோன்றுவதன் பின்னால் இத்தகைய ஒழுங்கு ஒன்று நிற்கிறது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனிக் கூடைப்பந்துக்கு வருவோம். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விழாவில் ஆஸ்திரேலியக் கூடைப்பந்து அணியில் மைக்கேல் அமாட் என்னும் ஆதிக்குடி இளைஞர் ஆடினார். ஒலிம்பிக்கில் அந்நாட்டின் சார்பில் கலந்துகொண்ட முதல் ஆதிக்குடி வீரர்களுள் அவரும் ஒருவர். அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1967-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில்தான், மக்கட்கணக்கில் ஆதிக்குடிகளைச் சேர்க்கலாகாது என்ற விதி அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. நாட்டுக்காக ஆடிய மனிதரும் அந்நாட்டின் கணக்கெடுப்பில் முறையாக எண்ணப்படாத காலம் அது.

அதே டோக்கியோ நகரில், 57 ஆண்டுகள் கழித்து, 2021-இல் நடந்த ஒலிம்பிக் விழாவில், பேட்டி மில்ஸ் என்னும் கூடைப்பந்து வீரர் ஆஸ்திரேலியக் கொடியைத் தாங்கி நடந்தார். கொடி தாங்கிய முதல் ஆதிக்குடி வீரர் அவரே. தந்தை வழியில் டாரஸ் நீரிணைத் தீவினர். தாய் வழியில் தென் ஆஸ்திரேலிய ஆதிக்குடியினர். அவருடைய தாயார், சிறு வயதிலேயே குடும்பத்தினின்றும் அரசால் பிரித்தெடுக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் சுலோவேனியாவை 107-க்கு 93 என்ற புள்ளிக் கணக்கில் ஆஸ்திரேலியா வென்றது. அதில் 42 புள்ளிகள் மில்ஸ் ஈட்டியவை. ஆஸ்திரேலிய ஆடவர் அணி ஒலிம்பிக் கூடைப்பந்தில் பெற்ற முதற் பதக்கம் அது.

அவ்விழாவுக்கென ஆஸ்திரேலிய ஒலிம்பிக் அணியின் உடையில் ஓர் ஓவியம் சேர்க்கப்பட்டது. அதை வரைந்தவர் பால் ஃபிளெமிங். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குத்துச் சண்டையில் ஈடுபட்ட ஆதிக்குடி வீரர். அவ்வோவியத்தில் 52 இணைக் காலடிகள் இருந்தன. அதுவரை ஆஸ்திரேலியாவின் சார்பில் ஒலிம்பிக்கில் ஆடிய 52 ஆதிக்குடியினரை அவை குறித்தன. அவற்றுள் ஓர் இணைக் காலடி 1964-இல் ஆடிய மைக்கேல் அமாட்டினுடையது. ஓவியம், அதை வரைந்தவர், அது யாரைக் குறிக்கிறது, யார் அணிகின்றனர் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றமையால், அவ்வுடை வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை.

கிரிக்கெட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2020 டிசம்பரில் நம் இந்திய அணியோடு ஆடிய இருபது ஓவர் போட்டிகளில், ஆஸ்திரேலிய ஆடவர் அணி ஆதிக்குடி ஓவியம் தாங்கிய சட்டையை அணிந்தது. அதை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஃபியோனா கிளார்க், 1868-இல் இங்கிலாந்துக்குச் சென்ற ஆதிக்குடிக் கிரிக்கெட் அணியில் ஆடிய ஒருவரின் வழித்தோன்றல். அந்த 1868 அணி 47 ஆட்டங்கள் ஆடி, 14-இல் வென்று, 14-இல் தோற்று, 19 ஆட்டங்களை வெற்றி தோல்வியின்றி முடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு சென்று ஆடிய முதற் கிரிக்கெட் அணி அதுவே. தொலைக்காட்சியில் அப்போட்டிகளைக் கண்ட நம்மவர் பலர், அச்சட்டையில் 150 ஆண்டுப் பழைய பயணம் ஒன்று எழுதப்பட்டிருந்ததை அறிந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் எளிதில் கைவந்தவை அல்ல. 1966-இல் ஆஸ்திரேலியா டாலர் நாணய முறைக்கு மாறியபொழுது வெளியிட்ட ஒரு டாலர் நோட்டில், டேவிட் மலாங்கி என்னும் ஓவியர் மரப்பட்டையில் வரைந்த ஓவியம் இடம்பெற்றது. ஆனால் அவரிடம் எவரும் கேட்கவில்லை. நாடு முழுவதும் அவருடைய ஓவியம் கைக்குக் கை மாறியது. அவருக்கோ செய்தியே பின்னர்தான் தெரிய வந்தது. பிறகு ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கூம்ஸ் தலையிட்டு, 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடி கருவிகளும் அளிக்கச் செய்தார். அவ்வோவியம் ஒரு மூதாதை வேடனின் ஈமச் சடங்கைப் பற்றியது என்பதை எண்ணும்பொழுது, கேளாமல் எடுத்த குற்றத்தின் கனம் நமக்கு விளங்கும்.

சட்டை வணிகத்திலும் இதே கதைதான். 1989-இல் ஜான் புலுன் புலுன் என்னும் ஓவியரின் படங்கள் அனுமதியின்றி டீ சட்டைகளில் அச்சடித்து விற்கப்பட்டமையால், அவர் நீதிமன்றம் சென்றார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னர் அவருடைய ஓவியம் துணியில் அச்சிடப்பட்டது தொடர்பான வழக்கில், 1998-இல் கூட்டாட்சி நீதிமன்றம் நுட்பமான கருத்தொன்றைச் சொல்லிற்று. பதிப்புரிமை ஓவியருக்கே உரியது. ஆயினும், குலத்தின் புனிதக் கதையைக் குலத்தின் இசைவோடு வரைகிற ஓவியர், அக்கதைக்கு ஊறு நேராமல் காக்கக் குலத்துக்குக் கடமைப்பட்டவர் என்பதே அது. நம் வழக்கிற் சொன்னால், ஓவியர் கோயிற் சொத்துக்குத் தருமகர்த்தா போன்றவர். சொத்து அவர் கையில் இருக்கிறது; தம் விருப்பப்படி விற்கும் உரிமை அவருக்கு இல்லை.

கொடியைப் பற்றிய செய்தி இன்னும் வியப்பானது. கறுப்பு, சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம் கொண்ட ஆதிக்குடிக் கொடியை 1971-இல் ஹெரால்டு தாமஸ் என்னும் ஆதிக்குடி ஓவியர் வடிவமைத்தார். மக்கள் அதைத் தங்கள் பொதுச் சொத்தாகவே கருதி வந்தனர். சட்டப்படி அதன் பதிப்புரிமை அவருக்கு உரியது. 2018-இல் ஆடைகளில் அக்கொடியைப் பதிக்கும் தனியுரிமை ஒரு வணிக நிறுவனத்துக்குப் போயிற்று. அதன்பின், தம் கொடியைத் தம் சட்டையில் பதிக்க ஆதிக்குடிச் சங்கங்களே கட்டணம் செலுத்த வேண்டிய நிலை உண்டாயிற்று. 2020-இல் ஆஸ்திரேலியக் காற்பந்துப் போட்டிகளின் ஆதிக்குடிச் சுற்றிலே அக்கொடி இடம்பெறவில்லை. மக்கள் கிளர்ச்சி செய்தனர். இறுதியில் 2022 ஜனவரியில் அந்நாட்டு அரசு 2 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை கொடுத்து அப்பதிப்புரிமையைப் பெற்று, எவரும் சட்டையிலும் மைதானத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. கலைஞரின் உரிமையும் மக்களின் உரிமையும் மோதும்பொழுது இரண்டையும் காப்பது எத்துணை அரிய செயல் என்பதற்கு இதுவே சான்று.

இப்பொழுது நம் எல்லை மலைகளுக்கு வருவோம். பாலக்காட்டு மாவட்டத்தின் வடகிழக்கில், நீலகிரிக்கும் கோயம்புத்தூருக்கும் அண்டையில் கிடக்கிறது அட்டப்பாடி. அகளி, சோலையூர், புதூர் ஆகிய ஊராட்சிகளில் இருளர், முதுகர், குறும்பர் என்னும் மூன்று பழங்குடிகள் வாழ்கின்றனர். பவானியும் சிறுவாணியும் அங்கே ஓடுகின்றன. மல்லீசுவரன் முடி என்னும் சிகரத்தைத் தெய்வமாகப் போற்றி, சிவராத்திரியில் மலையேறி விளக்கேற்றுவது அவர்கள் மரபு. பெறையும் தவிலும் கொகல் என்னும் குழலும் சால்ராவும் அவர்களுடைய ஆட்டத்துக்குத் தாளமும் இசையும் தருவன. இருள மொழியைக் கேட்கும் கோயம்புத்தூர்க்காரருக்குப் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

அம்மண்ணிலிருந்து நஞ்சியம்மா என்னும் இருளப் பெண்மணி 'ஐயப்பனும் கோஷியும்' என்னும் மலையாளத் திரைப்படத்தில் தம் மொழியிலேயே பாடினார். ஆடு மேய்த்து வாழ்ந்த அவருக்கு, 2020-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது 2022-இல் அறிவிக்கப்பட்டது. முறையாகச் சங்கீதம் பயிலாதவருக்கு இவ்விருது தகுமா என்று சிலர் அப்பொழுது கேட்டனர். சங்கீத உலகிலிருந்தே பலர் அவருக்காகப் பரிந்து பேசினர். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பாட்டு, பாடியவரின் பெயரோடும் மொழியோடும் ஊரோடும் உலகுக்குச் சென்றது. பெயரின்றி, 'ஒரு மலைவாசிப் பாட்டு' என்று மட்டும் சென்றிருக்குமாயின் அது வேறு கதையாகியிருக்கும்.

இடுக்கிக்குச் செல்வோம். மறையூரின் பாறைகளில் பழைய ஓவியங்கள் உள்ளன. முனியறை எனப்படும் கற்பதுக்கைகளும் உள்ளன. தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த இடமலைக்குடி, 2010-இல் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாக அமைந்தது. அங்கே வாழ்பவர் முதுவர். மதுரையை விட்டு வந்தபொழுது தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகிற் சுமந்து மலையேறியதால் தமக்கு அப்பெயர் வந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் மன்னான் குடியினருக்கு இன்றும் ஓர் அரசர் உண்டு. அறுவடையையொட்டிய காலவூட்டுத் திருவிழாவில் அவர்கள் ஆடும் மன்னான் கூத்து, கோவலன் கண்ணகி கதையைப் பாடுகிறது. தேனி மாவட்ட எல்லையில், பெரியாற்று வனத்தினுள் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமியில் நம்மவர் ஆயிரக்கணக்கில் செல்லுவதை நேயர்கள் அறிவர். ஏட்டிலே நாம் படித்த கதையை, ஏடறியாத மக்கள் காலிலும் குரலிலும் காத்து வந்திருக்கின்றனர்.

கைவினையிலும் அவ்வாறே. கண்ணாடிப்பாய் என்னும் பாய், ஈற்றையின் மெல்லிய உட்பட்டையை நுணுக்கமாகக் கீறி முடைவது. கண்ணாடி போல் ஒளிர்வதால் அப்பெயர் பெற்றது. ஊராளி, மன்னான், முதுவர், காடர் முதலிய குடியினர் இடுக்கி, திருச்சூர், எர்ணாகுளம், பாலக்காட்டு மலைகளில் இதனை முடைகின்றனர். குளிர் காலத்தில் வெதுவெதுப்பும் கோடையில் குளிர்ச்சியும் தருவது என்பர். 2025-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்துப் பழங்குடிக் கைவினைகளுள் இத்தகுதி பெற்ற முதற்பொருள் இதுவே. நீலகிரித் தோடரின் பூ வேலைப்பாடு 2013-இலேயே இக்குறியீட்டைப் பெற்றிருந்தது.

இந்நிலையில் ஆடைத் தொழிலின் நுட்பத்தையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முன்னாளில் சட்டையில் ஓர் எழுத்தைப் பதிக்க வேண்டுமானால், துணியை வெட்டித் தைக்க வேண்டும். அல்லது சல்லடைச் சட்டத்தின் வழியே ஒவ்வொரு நிறமாக மை பூச வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். இன்று பாலியெஸ்டர் துணிக்கு வேறு முறை வந்துவிட்டது. படத்தைக் கணினியிலிருந்து சிறப்புக் காகிதத்தில் சாயத்தால் அச்சிடுவர். அக்காகிதத்தைத் துணிமேல் வைத்து, ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துவர். கற்பூரம் உருகாமலே ஆவியாவது போலச் சாயமும் ஆவியாகி இழையினுள் புகுந்துவிடும். மேலே பூச்சு ஏதும் நில்லாததால் வெடிப்பதில்லை. காற்றுப் புகவும் தடையில்லை. நூறு நிறமாயினும் வேலை ஒன்றே. ஓடி வியர்க்கும் கூடைப்பந்தாட்டக்காரருக்கு ஏற்ற உடை இது. பாலக்காட்டு எல்லைக்குச் சில மணி நேரப் பயணத்தில் உள்ள திருப்பூர், பின்னலாடைக்கு உலகறிந்த ஊர். ஆகவே, ஒரு கைபேசிப் படம் காலையில் கிடைத்தால், மாலைக்குள் அது சட்டையாகிவிடும். முடைய ஒரு திங்கள் பிடிக்கும் பாயின் கோலம், ஒரு நொடியில் படியெடுக்கப்படலாம். நகலெடுக்கும் வேகம் கூடக் கூட, கேட்டுப் பெறும் வழக்கம் குறைந்துவிடும் என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

சட்டம் என்ன பாதுகாப்பு அளிக்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை தருகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வரும் கோலத்துக்குத் தனியொரு படைப்பாளி யார்? 60 ஆண்டு என்பது அதற்கு ஒரு கண்ணிமைப்பு. 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், பெயரைக் காக்கிறது. ஆலையில் அச்சிட்ட விரிப்பைக் 'கண்ணாடிப்பாய்' என்று விற்கக் கூடாது என்று தடுக்கும். அப்பாயின் கோலத்தைப் பெயர் சொல்லாமல் சட்டையில் அச்சிடுவதைத் தடுக்க அது போதாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் வளத்தையும் பண்பாட்டுப் பன்மையையும் சார்ந்த மரபறிவுக்குச் சமூகத்தாருக்கே அறிவுச் சொத்துரிமை உண்டு என்று ஏற்கிறது. சட்டத்தின் சொற்கள் நன்று. அவற்றைக் கையிலெடுத்து வழக்காடும் வலிமை ஊர்க்கூட்டத்துக்கு வர வேண்டும்.

கேட்டுப் பெறுவது இயலாத செயலன்று என்பதற்கும் கேரளத்திலேயே முன்னுதாரணம் உண்டு. அகத்திய மலையின் காணிக்காரர் அறிந்திருந்த ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தைப் பாலோட்டுத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 1995-இல் அதனைத் தயாரிக்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் நூற்றுக்கு 2 பங்குக்கும் கோயம்புத்தூர் ஆரிய வைத்தியப் பார்மசிக்கு வழங்கப்பட்டபொழுது, வரும் தொகையிற் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. பின்னர் அதில் சிக்கல்கள் பல தோன்றின என்பது உண்மையே. எனினும், மலைமக்களின் அறிவுக்கு விலையுண்டு, அவ்விலை அவர்களுக்குச் சேர வேண்டும் என்ற நெறி உலகில் முதன்முதலாகச் செயலில் காட்டப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. மூலிகைக்குப் பொருந்தும் நெறி முடைதலுக்கும் கூத்துக்கும் பொருந்தாதா?

கூடைப்பந்தும் கேரளத்துக்குப் புதிதன்று. இடுக்கியின் அண்டை மாவட்டமான கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக விளங்கியவர். ஆஸ்திரேலியாவுக்கே சென்று ரிங்வுட் அணிக்காக ஆடியவர். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றவர். ஆட்டமும் இங்கே உண்டு. கலையும் இங்கே உண்டு. தைக்கும் ஊரும் அருகிலேயே உண்டு. ஒரு மலையோரப் பள்ளியின் அணி, தன் ஊர் முதியோர் இசைந்து தந்த கோலத்தைத் தாங்கி ஆடும் நாள் தொலைவில் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சட்டையிற் கோலம் ஏறிவிட்டால் நீதி கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. 1951-இல் அட்டப்பாடி மக்களுள் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். 2011-இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. கைமாறிய நிலத்தை மீட்டுத் தருவதற்கென 1975-இல் கேரளம் சட்டம் இயற்றியது. அதன் நிறைவேற்றம் நெடுங்காலம் இழுபட்டது. நிலத்தை இழந்த மக்களின் நிலக்கதையை மட்டும் சட்டையில் அணிந்து மகிழ்வது, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு அவர் வீட்டுத் திண்ணையின் அழகைப் புகழ்வதற்கு ஒப்பாகும். ஆஸ்திரேலிய வீரர் பேட்டி மில்ஸ் இதனை உணர்ந்தவர் போலும். அணிந்த உடையோடு அவர் நின்றுவிடவில்லை. 2020-இல் ஆதிக்குடிச் சிறுவர் சிறுமியருக்கெனக் கூடைப்பந்து அமைப்பொன்றை நிறுவினார்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வுணர்ச்சி புதிதன்று. திருநெல்வேலியானாலும் தஞ்சாவூரானாலும் பாலக்காடானாலும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் நம்மை அடக்கியபொழுது நாம் மனம் வருந்தியதுண்டு. மகாராட்டிர மாநிலத்து வார்லி ஓவியத்தின் குச்சி மனிதரை எடுத்து, எந்த மாநிலத்து விழாவானாலும் 'பழங்குடிக் கலை' என்று ஒட்டிவைப்பதும் அத்தகைய செயலே. இருளர் வேறு, முதுவர் வேறு, மன்னான் வேறு. அவரவர்க்கு அவரவர் பெயர் உண்டு.

ஆகவே, பொங்கல் விழாவுக்கோ பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கோ நம் தமிழ்ச் சங்கங்கள் சட்டை அச்சிட முனையும்பொழுது, நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்வது நலம். இக்கோலம் எந்தக் குடியினருடையது? அவர்களுள் உரியவரிடம் கேட்டோமா? வரைந்தவரின் பெயரையும் ஊரையும் சட்டையின் உட்புறத்திலாவது அச்சிட்டோமா? விற்ற தொகையில் அவர்களுக்குரிய பங்கு சென்றதா? நான்கிற்கும் நேரான விடை கிடைக்குமாயின், தில்லியிலே அச்சட்டையை அணிந்து ஆடும் சிறுமி, 'இது என்ன படம்?' என்று கேட்கும் தோழிக்கு ஓர் ஊரின் பெயரையும் ஒரு மனிதரின் பெயரையும் சொல்ல முடியும். விடை கிடையாதாயின், சங்கத்தின் பெயரை மட்டும் பொறித்த வெள்ளைச் சட்டையே போதும். அதில் குறையொன்றும் இல்லை.